ஸ்டார்ட்டராகத் தொடர்வதா, புல்பென்னுக்குப் போவதா: ஒரு மைனர் லீக் பிட்சர் போட வேண்டிய கணக்கு

அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏவில் 23, 24 வயதில் நிற்கும் வலதுகை ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர், அதாவது பந்துவீச்சாளர்) ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேகப்பந்தான ஃபாஸ்ட்பால் மணிக்கு 94 மைல் போகும். பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் நன்றாக வெட்டும். மூன்றாவதாக வைத்திருக்கும், வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்-அப் ஒரு நாள் சொன்னபடி கேட்கும், ஒரு நாள் கேட்காது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் முதல் மூன்றில் அவரைத் தொட முடியாது. ஐந்தாவதில் வரிசையாக அடி விழும். அமெரிக்க மைனர் லீக்கில் இப்படி ஒருவர் இல்லாத அணியைப் பார்ப்பது அரிது. சீசன் பாதியில் பிட்சிங் கோச் கூப்பிட்டு, இனி புல்பென்னிலிருந்து (மாற்று பிட்சர்கள் காத்திருந்து தயாராகும் இடம்) வீசலாமா என்று கேட்கும்போது அவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

அதே ரொட்டேஷனில், அதாவது ஸ்டார்ட்டர்கள் முறைவைத்து வீசும் வரிசையில், தொடரலாம். ஆட்ட நடுவில் வந்து ஒரே இன்னிங்ஸ் வீசும் ரிலீவராகலாம். முன்கூட்டியே குறித்த நாட்களில் இரண்டு மூன்று இன்னிங்ஸ் வீசும் ரிலீவராகலாம். இன்னொரு ஸ்டார்ட்டரோடு ஒரே ஆட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பேச்சு பெரும்பாலும் முதல் இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன மாதிரிப் பிட்சர் முதலில் முயன்று பார்க்க வேண்டியது மூன்றாவது வழி என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கடைசியில் சொல்வதைவிட, எதை அளந்து இந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் அளக்க வேண்டியவை

ஈ.ஆர்.ஏ.வை (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி) ஒதுக்கி வையுங்கள். மைனர் லீக் மைதானங்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை, ஃபீல்டிங்கும் சீராக இருக்காது. அந்த எண் பிட்சரைப் பற்றிச் சொல்வது குறைவு.

பார்க்க வேண்டிய முதல் விஷயம், இன்னிங்ஸ் வாரியாக ஃபாஸ்ட்பாலின் வேகம். முதல் இன்னிங்ஸில் 96, ஐந்தாவதில் 92 என்று இறங்குபவருக்கு ரிலீஃபில் லாபம் உண்டு; அவரிடம் 96 ஏற்கெனவே இருக்கிறது, அதை நீட்டிப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். முதல் இன்னிங்ஸிலும் 93, ஐந்தாவதிலும் 93 என்பவர் வேறு மாதிரி ஆள். புல்பென்னுக்குப் போனால் எல்லோருக்கும் ஒன்றிரண்டு மைல் கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சராசரியாகப் பார்த்தால் அது சரி. ஆனால் ஏற்கெனவே சீராக வீசுகிறவருக்கு அரை மைல்கூடக் கூடாமல் போகலாம். அவரை மாற்றினால் ஒரு ஸ்டார்ட்டரை இழந்து ஒரு சாதாரண ரிலீவரைப் பெறுவோம்.

இரண்டாவது, பேட்டிங் வரிசையின் எத்தனையாவது சுற்றில் அடி விழுகிறது என்பது. ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது பேட்டர்களின் கை ஓங்குவது மேஜர் லீக்கிலும் நடக்கிற இயல்பான விஷயம். மூன்றாம் சுற்றில் மட்டும் தடுமாறுகிறவரை 18 பேட்டர்களோடு நிறுத்தினால் போதும், ரொட்டேஷனை விட்டு இறக்க அது காரணமே இல்லை. இரண்டாம் சுற்றிலேயே, அதாவது பத்தாவது பேட்டரிலிருந்தே அடி தொடங்கினால்தான் பிரச்சினை பந்துகளின் வகையில் இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, எதிர்க்கை பேட்டர்கள். வலதுகை பிட்சரின் ஸ்லைடர் இடதுகை பேட்டரின் உடலை நோக்கி உள்ளே வரும். பேட்டருக்கு அதை வெகுநேரம் பார்க்க முடியும். சேஞ்ச்-அப் இல்லாதவரை எதிரணி மேனேஜர் ஆறு ஏழு இடதுகை பேட்டர்களை வைத்தே சமாளித்துவிடுவார். ரிலீஃபில் ஓரளவு தப்பிக்கலாம், முழுக்கத் தப்ப முடியாது. மேஜர் லீக்கில் 2020 முதல் ஒரு ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரே ஒரு வலதுகை பேட்டருக்காக உள்ளே வந்து உடனே வெளியே போகிற வேலை இப்போது இல்லை.

நான்காவதை யாரும் கேட்பதில்லை. வீசிய மறுநாள் கை எப்படி இருக்கிறது? 85 பந்து வீசிவிட்டு ஆறு நாள் காத்திருக்கும் ஸ்டார்ட்டருக்கு மறுநாள் தோள் இறுகியிருந்தாலும் கவலை இல்லை. ரிலீவருக்கு அந்த மறுநாள்தான் வேலையே. 25 பந்து வீசிய அடுத்த காலை 60 அடி தூரத்தில் கேட்ச் போட ஆரம்பித்தால் எத்தனை வீச்சில் கை தளர்கிறது, மூன்றாம் நாள் மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மேடு) வேகம் எவ்வளவு என்பதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும். முழங்கைச் சிகிச்சை முடிந்து வந்தவர்களுக்கு இந்த ஒரு கேள்வியே முடிவைச் சொல்லிவிடும். ரிலீவருக்கு வேலை குறைவு, ஆகவே கைக்கு நல்லது என்று நினைப்பது ஆபத்தான பழக்கம்.

ரொட்டேஷனில் தொடர்ந்தால்

2021 முதல் மைனர் லீக் அட்டவணையில் பெரும்பாலும் ஒரு எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டங்கள், திங்கள் விடுமுறை. பல அணிகள் ஆறு ஸ்டார்ட்டர்களை வைத்து ஆளுக்கு வாரம் ஒரு ஆட்டம் கொடுக்கின்றன. நடுவில் 25, 30 பந்துகளுக்கு ஒரு சைட் செஷன், அதாவது ஆட்டத்துக்கு வெளியே பயிற்சி வீச்சு. சேஞ்ச்-அப்பின் பிடியை மாற்றிப் பார்ப்பது, கேட்சருக்குப் பின்னால் கேமரா வைத்து சுழற்சியைப் பார்ப்பது எல்லாம் நடப்பது அந்தச் செஷனில்தான்.

ஸ்டார்ட்டராகத் தொடர்வதற்கான வலுவான வாதம் இங்கே இருக்கிறது. ஒரு ஆட்டத்தில் 85 பந்து வீசுகிறவர் அதில் 15 சேஞ்ச்-அப்பாவது வீச முடியும். நான்கு ஆட்டங்களில் அறுபது. ஒரு இன்னிங்ஸ் ரிலீவர் 16 பந்து வீசுவார். ஒரு ரன் வித்தியாசத்தில் நிற்கும் ஆட்டத்தில் அவர் நம்பாத பந்தை இரண்டு முறை வீசினாலே பெரிது. மூன்றாவது பந்தைக் கற்கும் பள்ளி ரொட்டேஷன் மட்டுமே. 21 வயதில், டபுள்-ஏவுக்கு ஒரு படி கீழே ஹை-ஏவில் இருப்பவரை சேஞ்ச்-அப் வரவில்லை என்பதற்காக புல்பென்னுக்கு அனுப்புவது, வராமல் போவதை நாமே உறுதி செய்வது.

எவ்வளவு காலம் கொடுக்கலாம்? அந்தப் பந்தை வெவ்வேறு பிடிகளில் ஒரு முழு சீசன் முயன்றும் ஸ்ட்ரைக் பகுதிக்குள் பாதிக்கு மேல் போடவில்லை, இடதுகை பேட்டர்கள் ஏமாறவும் இல்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. ஒரு மோசமான மே மாதம் பதில் ஆகாது.

ஒரே இன்னிங்ஸ்

இதன் கவர்ச்சி தெரிந்ததுதான். மூன்று வகைப் பந்துகளை இரண்டாகக் குறைக்கலாம், ஆற்றலை மிச்சம் பிடிக்க வேண்டாம், எந்த பேட்டரும் இரண்டாம் முறை பார்க்கப் போவதில்லை. நியூயார்க் யாங்கீஸின் டெலின் பெட்டான்ஸஸ் இதற்குத் தெளிவான உதாரணம். 2006 புதுமுகத் தேர்வில் எடுக்கப்பட்ட 6 அடி 8 அங்குல வலதுகை ஸ்டார்ட்டர். 2012-ல் மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏவில் கிட்டத்தட்ட இன்னிங்ஸுக்கு ஒரு வாக் (குறி தவறிய நான்கு பந்துகளால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கொடுத்து, டபுள்-ஏவுக்கு இறக்கப்பட்டார். 2013 தொடக்கத்தில் ஸ்டார்ட்டராகச் சில ஆட்டங்களுக்குப் பிறகு டிரிபிள்-ஏவிலேயே புல்பென்னுக்கு மாற்றினார்கள். ஃபாஸ்ட்பாலும் கர்வ்பாலும் மட்டும் போதும் என்றானது. 2014-ல் மேஜர் லீக்கில் 1.40 ஈ.ஆர்.ஏ., 135 ஸ்ட்ரைக்-அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது). 1996-ல் அதே அணியின் ரிலீவராக மரியானோ ரிவேரா எடுத்த 130-ஐத் தாண்டினார். ரிவேராவும் மைனர் லீக்கில் ஸ்டார்ட்டராக இருந்தவர், 1995-ல் யாங்கீஸுக்குப் பத்து ஆட்டங்களைத் தொடங்கியவர்.

ஆனால் பெட்டான்ஸஸின் அந்த சீசனை இன்னும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்: 70 ஆட்டங்களில் 90 இன்னிங்ஸ். அவர் ஒரே இன்னிங்ஸ் ஆளாக அங்கே போய்ச் சேரவில்லை.

ஒரு இன்னிங்ஸ் வேலையில் ஸ்டார்ட்டர்கள் தடுமாறும் இடம் மவுண்டுக்கு வருவதற்கு முன்பே இருக்கிறது. ஸ்டார்ட்டருக்கு ஆட்டம் 7:05 என்றால் 6:25-க்கு நீட்சிப் பயிற்சி, பிறகு லாங் டாஸ் எனும் நீண்டதூர வீச்சு, பிறகு புல்பென் மவுண்டில் நிதானமாக 35 பந்து. ரிலீவருக்கு போன் அடிக்கும், ஒரு அவுட்டோடு முதல் பேஸில் ஆள் நிற்பார், அடுத்த பேட்டருக்கு அடுத்தவர் உன்னுடையவர் என்று தகவல் வரும். ஆறேழு நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, ரப்பர் பட்டையை இழுத்து, நின்றபடி ஐந்தாறு வீச்சு, கேட்சரை உட்கார வைத்து ஆறு ஃபாஸ்ட்பால், மூன்று ஸ்லைடர், மறுபடி இரண்டு ஃபாஸ்ட்பால் முழு வேகத்தில். அத்துடன் தயார் என்று தொப்பியைத் தொட வேண்டும். பழைய பழக்கத்தில் 35 பந்து வீசிவிட்டு உள்ளே போகிறவருக்கு இன்னிங்ஸின் கடைசியில் வேகம் இரண்டு மைல் குறைந்திருக்கும். அதைப் பார்த்து, ரிலீஃபிலும் இவருக்கு வேகம் கூடவில்லையே என்று முடிவெடுப்பார்கள்.

இன்னொன்று, தயாராகி உள்ளே போகாமல் உட்காருவது. ஆட்டக் குறிப்பில் அந்த நாள் பூஜ்யம். கைக்கோ அது 20 பந்து. மூன்று நாளில் இரண்டு முறை இப்படி நடந்து நான்காம் நாள் வீசினால் அது உண்மையில் மூன்றாவது வேலை நாள். நல்ல அணிகள் புல்பென் கேட்சரிடம் எண்ணச் சொல்லி இதையும் பதிவு செய்கின்றன. பதிவு செய்யாத இடத்தில் பிட்சர் தானே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

ஆள் நிற்கும் பேஸோடு உள்ளே வருவதால் ஸ்ட்ரெட்ச் நிலையில் (பேஸில் ஆள் இருக்கும்போது வீசும் சுருக்கமான அசைவு) பேட்டர் நிற்கும் பிளேட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் பந்து போகிறது என்பதும் கணக்கில் வரும். 1.3 வினாடிக்குள் இருந்தால் கேட்சரால் ஏதாவது செய்ய முடியும், 1.5-ஐத் தாண்டினால் வேகமான ஓட்டக்காரர் கேட்காமலே இரண்டாம் பேஸை எடுத்துக்கொள்வார். 2023-க்குப் பிறகு ஒரு பேட்டருக்கு இரண்டு முறைக்கு மேல் சும்மா மவுண்டில் கால் பதிக்கும் ரப்பர் பலகையை விட்டு இறங்க முடியாது என்ற விதி இதை இன்னும் கடினமாக்கியிருக்கிறது. முழு அசைவான விண்ட்-அப்பிலேயே வளர்ந்த உயரமான ஸ்டார்ட்டர்களுக்கு இது தனியாக ஒரு மாத வேலை.

குறித்த நாளில் இரண்டு, மூன்று இன்னிங்ஸ்

செவ்வாய், வெள்ளி என்று நாள் குறித்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் எப்போது இறங்கினாலும் அடுத்தவர் நீ. 35 முதல் 45 பந்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு பேட்டர்கள். பேட்டிங் வரிசை ஒரு சுற்றோடு முடிகிறது, சில நாள் இரண்டாம் சுற்றின் தலை மட்டும் வரும். வேகம் கூடுமா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைக்கும்: முதல் 20 பந்தில் என்ன வேகம், அடுத்த 20-ல் என்ன வேகம் என்பது கண்முன் இருக்கும். சேஞ்ச்-அப்புக்கும் ஆட்டத்துக்கு ஐந்தாறு வாய்ப்பு மிஞ்சும். முக்கியமாக, திரும்பிப் போகும் கதவு திறந்தே இருக்கும். வாரம் 5 இன்னிங்ஸ் வீசுகிறவரை மூன்று நான்கு வாரத்தில் மறுபடி 75 பந்துக்கு ஏற்றலாம்.

மேஜர் லீக்கிலும் இந்த வேலைக்கு மதிப்பு இருக்கிறது. மைனர் லீக் ஸ்டார்ட்டராக வளர்ந்து 2017-ல் மில்வாக்கியில் ரிலீவராக அறிமுகமான ஜோஷ் ஹேடர், 2018-ல் 55 ஆட்டங்களில் 81⅓ இன்னிங்ஸ் வீசி 143 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார்.

குறை இல்லாமல் இல்லை. அணியில் ஆள் பற்றாக்குறை வந்தால் குறித்த நாள் முதலில் காற்றில் போகும். எட்டு ரன் பின்தங்கிய ஆட்டங்களை மென்று விழுங்குகிற ஆளாக மாறிவிடும் ஆபத்தும் உண்டு. அந்த ஆட்டங்களில் பேட்டர்கள் முதல் பந்திலேயே வீசி அடிப்பார்கள், எண்களிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆட்டத்தைப் பங்கு போடுவது

ஒருவர் முதல் நான்கு இன்னிங்ஸ், மற்றவர் அடுத்த நான்கு. அடுத்த முறை வரிசை மாறும். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2013-ல் தன் மைனர் லீக் அணிகளில் இதைப் பெரிய அளவில் செய்தது. கீழ்நிலை லீக்குகளில் இளம் கைகளைப் பாதுகாக்க நல்ல முறை. டபுள்-ஏவில் 24 வயதுக்காரருக்கு இது முடிவைத் தள்ளிப்போடும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

இடமும் பணமும்

மேஜர் லீக் அணியின் 26 பேரில் அதிகபட்சம் 13 பிட்சர்கள். வழக்கமாக ஐந்து ஸ்டார்ட்டர், எட்டு ரிலீவர். எட்டு நாற்காலிகளும் அடிக்கடி காலியாகும். ஆப்ஷன் (பட்டியலில் உள்ளவரை மைனர் லீக்குக்கு அனுப்ப அணிக்குள்ள உரிமை) மிச்சமுள்ள ரிலீவரை ஒரு சீசனில் ஐந்து முறை வரை கீழே அனுப்பலாம், அனுப்பியவர் காயமடைந்த ஒருவரின் இடத்துக்கு வந்தாலொழிய 15 நாள் கீழேயே இருக்க வேண்டும். ஏறி இறங்கும் இந்த வாழ்க்கை களைப்பானது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 2023 ஒப்பந்தத்தில் டிரிபிள்-ஏவின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர், டபுள்-ஏவில் 30,250. 2025-ல் மேஜர் லீக் குறைந்தபட்சம் 7,60,000 டாலர், அதாவது சீசனில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 4,000. பத்து நாள் மேலே இருந்தால் டிரிபிள்-ஏவின் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டிவிடும். சேமிப்பு ஏதுமில்லாமல், குடும்பப் பொறுப்போடு இருக்கும் பிட்சர் இதை மனதில் வைத்து முடிவெடுத்தால் அதில் தவறே இல்லை.

நீண்ட காலக் கணக்கு எதிர்த்திசையில் போகும். மேலே நிலைத்த ஸ்டார்ட்டருக்கும் ரிலீவருக்கும் ஊதிய இடைவெளி பெரியது. ரிலீவர்களுக்குள்ளும் ஆட்டத்தை முடித்து வைப்பவருக்குத்தான் நல்ல விலை. மூன்று முறை ஆல்-ஸ்டார் ஆன பிறகு 2017-ல் சம்பளத் தீர்ப்பாயத்தில் 50 லட்சம் டாலர் கேட்ட பெட்டான்ஸஸுக்கு அணி சொன்ன 30 லட்சமே கிடைத்தது.

இன்னொரு கடிகாரம் ரூல் 5 டிராஃப்ட். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவர் ஐந்து சீசனுக்குள்ளும், 19 அல்லது அதற்கு மேல் ஒப்பந்தமானவர் நான்கு சீசனுக்குள்ளும் அணி பாதுகாக்கும் 40 பேர் பட்டியலில் சேர்க்கப்படாவிட்டால் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். அப்படி ஒளித்து வைக்க புல்பென்தான் வசதி. 1999-ல் இந்த டிராஃப்டில் எடுக்கப்பட்டு மினசோட்டாவுக்கு வந்த யோஹான் சான்டானா 2000-ஐப் பெரும்பாலும் புல்பென்னில் கழித்தார். பின்னர் ஸ்டார்ட்டராகி 2004, 2006 ஆண்டுகளில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். ஆப்ஷன் தீர்ந்தவர்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். 2014-ல் ஆப்ஷன் இல்லாமல் நின்ற பால்டிமோர் ஸ்டார்ட்டர் ஸாக் பிரிட்டன் புல்பென்னுக்குப் போய் அந்த ஆண்டே 37 ஆட்டங்களைக் காத்து முடித்தார். அவர் வீசியது பெரும்பாலும் ஒரே வகைப் பந்து, கீழே இறங்கும் சிங்கர்.

திரும்பி வர முடியுமா?

முடியும், ஆனால் விலை உண்டு. கிறிஸ் சேல் 2011-ல் ரிலீவராக 71 இன்னிங்ஸ், 2012-ல் ஸ்டார்ட்டராக 192. ரேனால்டோ லோபஸ் 2024-ல் அட்லான்டாவின் ரொட்டேஷனுக்குத் திரும்பி 1.99 ஈ.ஆர்.ஏ. காட்டினார். அதே ஆண்டு கேரட் குரோஷே சிகாகோவில் 146 இன்னிங்ஸ் வீசினார். முந்தைய சீசனில் மேஜர் லீக்கில் 13 இன்னிங்ஸ்கூட வீசாதவர் என்பதால் இரண்டாம் பாதியில் அவரை நான்கு இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்டன் ஹிக்ஸுக்கு சீசன் போகப்போக வேகம் குறைந்து, கடைசியில் புல்பென்னுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. இப்படித் திரும்ப மூன்று வகைப் பந்துகளை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். ரிலீஃபில் இரண்டு ஆண்டு சேஞ்ச்-அப்பைத் தொடாதவருக்கு இந்த வழி நடைமுறையில் மூடியிருக்கும்.

மாறுவது என்று முடிவானால்

கடைசி ஸ்டார்ட்டுக்குப் பிறகு நான்கு நாள் மவுண்ட் கிடையாது. ஐந்தாம் நாள் 20 பந்து சைட் செஷன், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து எட்டு நிமிடத்துக்குள் தயாராகும்படி நேரம் வைத்து. ஏழாம் நாள் முன்பே சொல்லிவைத்த இன்னிங்ஸின் தொடக்கத்தில், பேஸ் காலியாக இருக்கும்போது முதல் ஆட்டம். பிறகு இரண்டு நாள் ஓய்வு. இரண்டாம் வாரத்தில் 30 பந்து வரை இரண்டு முறை. மூன்றாம் வாரத்தில்தான் இன்னிங்ஸ் நடுவில், ஆள் நிற்கும்போது. அடுத்தடுத்த இரண்டு நாள் வீசுவதை ஐந்தாம் வாரத்துக்கு முன் யாரும் கேட்கக் கூடாது, கேட்டாலும் முதல் நாள் 15 பந்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

எடைப் பயிற்சியும் மாறும். ஸ்டார்ட்டர் வீசிய மறுநாள் கால்களுக்குக் கனமாகத் தூக்குவார். ரிலீவர் அப்படிச் செய்தால் அன்றிரவே போன் அடிக்கும். வீசி முடித்த அன்றே, ஆட்டம் முடிவதற்குள் 20 நிமிடம் தூக்கிவிடுவது, மற்ற நாட்களில் இலகுவாக வைத்துக்கொள்வது என்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

முதல் 20 இன்னிங்ஸின் ஈ.ஆர்.ஏ.வைப் பார்த்து யாரும் மகிழவோ பதறவோ வேண்டாம். ஒரு மோசமான இரவு அதை இரட்டிப்பாக்கிவிடும். முதல் பேட்டருக்கு முதல் பந்து ஸ்ட்ரைக்கா, ஸ்ட்ரைக்-அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது, ஒரு நாள் ஓய்வோடு வீசும்போது வேகம் எவ்வளவு, இந்த மூன்றும் போதும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் பிட்சிங் கோஆர்டினேட்டரிடம் சில கேள்விகளை நேராகக் கேட்டுவிட வேண்டும். எனக்குக் குறித்த நாட்கள் உண்டா, உண்டென்றால் எத்தனை வாரத்துக்கு? உள்ளே போகாமல் தயாரான நாட்களை யார் எண்ணுகிறார்கள்? சேஞ்ச்-அப்பை ஆட்டத்தில் வீசி அடி வாங்கினால் அது எனக்கு எதிராக எழுதப்படுமா? குளிர்காலத்தில் தரப்போகும் பயிற்சித் திட்டம் ஸ்டார்ட்டருக்கானதா, ரிலீவருக்கானதா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், பிப்ரவரியில் மூன்று இன்னிங்ஸ் வீசும் அளவுக்குக் கையைத் தயார் செய்துகொண்டே முகாமுக்குப் போவது நல்லது. மூன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு வாரத்தில் இறங்கிவிடலாம். ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஏற ஒன்றரை மாதம் ஆகும்.